நர்ஸம்மா பிரெஞ்சு படித்த வருஷம்

பத்தொன்பது வருஷம் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நின்றே காலம் கழித்த நர்ஸம்மாவுக்கு, பள்ளிக்கூடத்து வேலை என்றதும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"சிராய்ப்புக்கு மருந்து தடவ நான் எதுக்குங்க? ஒரு பாட்டிலும் பஞ்சும் வாங்கி வெச்சா போதாதா?"

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எதைப் பேசினாலும் லிஃப்டில் கொண்டுபோய் நிறுத்துகிற ஆள். "உன் முட்டியை மொதல்ல பாரும்மா. ஒரு லிஃப்டுக்கே வருஷத்துக்கு ரெண்டு தடவை கிரீஸ் போடுறோம். உனக்கு யார் போட்டா?" என்றார்.

முட்டி விஷயத்தில் அவர் சொன்னது நியாயம்தான். நாற்பத்தெட்டு வயதில், படியேறும்போதெல்லாம் வலது முட்டி ஒரு 'கடக்' போட்டது. போய்ப் பார்ப்போமே என்று கிளம்பினாள்.

அது அரசாங்கப் பள்ளி இல்லை. பெரிய நிறுவனம் எதையும் சேர்ந்ததும் இல்லை. சில பெற்றோர்கள் கைகோத்து, மூடிக்கிடந்த ஓர் அச்சகக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து ஆரம்பித்த தனிப் பள்ளி. இருநூற்று முப்பது பிள்ளைகள். கீழ்த்தளம் முழுக்க பிரெஞ்சு, மேல்தளம் முழுக்க ஆங்கிலம். காலையில் கீழே கணக்கும் பாட்டும் படிக்கிற வகுப்பு, மதியம் மேலே ஏறிப் போய் அறிவியலும் கதையும் படிக்கும். கீழே இருக்கிற டீச்சர் செத்தாலும் ஆங்கிலம் பேச மாட்டார். மேலே இருக்கிறவர் பிரெஞ்சு பேச மாட்டார். பிள்ளைகளோ படியேறும்போதே, செருப்பு மாற்றுகிற மாதிரி நாக்கை மாற்றிக்கொள்ளும். கீழ்ப்படியில் பிரெஞ்சில் தொடங்கிய சண்டை மேல்படியில் ஆங்கிலத்தில் முடியும்.

நோயாளி அறை இருந்தது இரண்டுக்கும் நடுவே, படிக்கட்டுத் திருப்பத்தில். ஒரு கட்டில், ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், பூட்டு போட்ட கண்ணாடி அலமாரி, கை கழுவ ஒரு தொட்டி.

தலைமை ஆசிரியை உட்கார்ந்து பேசத் தெரியாதவர். நடந்துகொண்டே நேர்காணலை முடித்துவிட்டார்.

"பிரெஞ்சு தெரியுமா சிஸ்டர்?"

"ஒரு எழுத்து தெரியாதுங்க."

"பரவால்ல. எல்லாப் பிள்ளைக்கும் இங்கிலீஷும் தெரியும். சமாளிச்சுக்கலாம்."

இது பாதி உண்மை என்பது முதல் வாரத்திலேயே புரிந்துபோயிற்று. பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் தெரியும்தான், அடிபடாத வரைக்கும். அடிபட்டுவிட்டால், எந்தத் தளத்தில் விழுந்ததோ அந்தத் தளத்து மொழிதான் வாயில் வரும். மேலேயிருந்து வருகிற பிள்ளை ஆங்கிலத்தில் அழும். அதை அவள் இரண்டு நிமிஷத்தில் அடக்கிவிடுவாள். கீழேயிருந்து வருகிற பிள்ளை பிரெஞ்சில் பொரிந்து தள்ளும். நர்ஸம்மா திருவிழாவில் தொலைந்தவள் போல நிற்பாள். போதாக்குறைக்கு, பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டு மொழியே பிரெஞ்சு. வலி என்று வந்துவிட்டால் பிள்ளைக்கு அம்மா பேசுகிற பேச்சைத் தவிர வேறு எது ஞாபகம் வரும்?

ரோஷக்காரி, சும்மா இருப்பாளா? முதல் சம்பளத்தில் ஓர் அகராதி வாங்கினாள். 'மால்' என்றால் வலி; 'தெத்' தலை; 'கேர்' இதயம். பத்து நாளில் இருபது வார்த்தை சேர்ந்தது. அந்த இருபது வார்த்தைதான் அவளைக் கவிழ்த்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, இடைவேளை முடிந்த கையோடு ஏழு வயதுப் பையன் ஒருவன் அறை வாசலில் வந்து நின்றான். முகம் சுண்ணாம்பு வெளுப்பு. நெற்றியெல்லாம் வியர்வை. கையை மார்புக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தான்.

"ஜே மால் ஓ கேர்."

நர்ஸம்மாவுக்கு ஒரே நேரத்தில் பெருமையும் பீதியும். ஒரு வாக்கியம் முழுசாகப் புரிந்துவிட்டது! மால், வலி. கேர், இதயம். ஐயோ, பிள்ளைக்கு இதயம் வலிக்கிறது!

நாடி பிடித்தாள், குதிரை ஓட்டம். கை தொட்டாள், ஜில்லென்றது. அதற்குமேல் யோசிக்கவில்லை. ஒரு கையால் அவனைப் படுக்கவைத்து, மறு கையால் ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். ஒன்பது நிமிஷத்தில் சைரன் தெருவையே இரண்டாகக் கிழித்துக்கொண்டு வந்தது. இரண்டு தளத்து ஜன்னலிலும் வரிசையாக மூக்குகள். தலைமை ஆசிரியை படியில் மூன்று மூன்றாகத் தாவி வந்தார். ஆம்புலன்ஸிலிருந்து இறங்கிய டாக்டர், அவளோடு ஆறு வருஷம் அவசரப் பிரிவில் ஒன்றாக வேலை பார்த்தவர்.

"என்ன சிஸ்டர், இங்கயும் விடமாட்டீங்களா?" என்று கேட்டபடி குனிந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். அந்தப் பையன் ஒரு தடவை விக்கினான். அடுத்த கணம், காலையில் குடித்த பால், தின்ற ரொட்டி, வாழைப்பழம் எல்லாம் டாக்டரின் ஷூவில்.

வாந்தி எடுத்ததும் பையனுக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. எழுந்து உட்கார்ந்து, வகுப்புக்குப் போகலாமா என்று கேட்டான்.

பின்னாலேயே ஓடிவந்த பிரெஞ்சு டீச்சர் சுவரில் சாய்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. பிள்ளைகள் எல்லாரும் 'மதாம்' என்று கூப்பிடுவதால் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. "சிஸ்டர், அது இதய வலி இல்ல. அவங்க பேச்சுல அப்படிச் சொன்னா 'கொமட்டுது'ன்னு அர்த்தம்!"

நர்ஸம்மாவுக்குத் தலை நிமிரவில்லை. பத்தொன்பது வருஷத்து மானம் ஒரு வார்த்தையில் கப்பலேறிவிட்டதே! சாயந்திரம் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள்.

"இந்த வேலைக்கு பாஷை தெரிஞ்ச ஆளா பாத்துக்கோங்கம்மா."

அந்த அம்மாள் அன்றைக்குத்தான் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார். "நூறு தடவை தேவையில்லாம ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாலும் நான் உங்க பக்கம்தான் சிஸ்டர். ஒரு தடவை கூப்பிடாம விடுற ஆள்தான் எனக்கு வேணாம். சாவிய உள்ள வைங்க. வேற என்ன வேணும், அதைச் சொல்லுங்க."

என்ன வேணும் என்று யாராவது இப்படிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! நர்ஸம்மா யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கொண்டது.

"வகுப்புல உக்காரணும்."

"எந்த வகுப்புல?"

"இருக்கறதுலயே சின்ன வகுப்புல."

மறுநாளிலிருந்து காலை எட்டரை முதல் ஒன்பதேகால் வரை, சிராய்ப்பும் தும்மலும் வரத் தொடங்குமுன், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு கீழ்த்தளத்தில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. முழங்கால் உயரக் குட்டி நாற்காலி. அதில் உட்கார்ந்தால் முட்டி தாடையைத் தொட்டது. பக்கத்தில் முன்பல் இல்லாத ஒரு சின்னப் பெண். ஊரையே விற்று வாங்குகிற வாய். நர்ஸம்மா ஒரு தப்பு பண்ணக்கூடாது, உடனே அவள் கை மேலே போய்விடும்: "மதாம், சிஸ்டர் மறுபடியும் தப்பா சொல்றாங்க!"

'ர' தான் பெரிய ரோதனை. பிரெஞ்சுக்காரர்களுக்கு 'ர' நாக்கில் இல்லை, தொண்டையில். மதாம் சொல்லிக்காட்டிச் சொல்லிக்காட்டி ஓய்ந்துபோனாள். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கும் அது வரவில்லை. நர்ஸம்மா ஒரு நாள் உற்றுக் கேட்டாள். இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே... சட்டென்று எழுந்தாள்.

"அட, இது கொப்பளிக்கிறதுங்க! தொண்டை வலிக்கு உப்புத்தண்ணி கொப்பளிப்போம்ல, அதே சத்தம்தான்!"

அவ்வளவுதான். பதினேழு பிள்ளைகளுக்கும் டம்ளரில் தண்ணீர் வந்தது. தலையை அண்ணாந்து, கர்ர்ர்ர் என்று ஒரே கொண்டாட்டம். தரை, சட்டை, நோட்டு எல்லாம் நனைந்தன. வாளி தூக்கி வந்த துப்புரவம்மா தலையிலடித்துக்கொண்டாள். ஆனால் தண்ணீரைத் துப்பிவிட்டு அதே இடத்திலிருந்து பேசிப் பார்த்தால், பதினோரு பிள்ளைகளுக்கு 'ர' வந்துவிட்டது. நர்ஸம்மாவுக்கும் வந்துவிட்டது! அன்றைக்கு வீடு போய்ச் சேருகிறவரை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மெல்லிய குரலில் கர்ர் கர்ர் என்று சொல்லிக்கொண்டே போனாள். முன்சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வேறு இடத்துக்கு மாறிக்கொண்டார்.

வீட்டில் அவள் புருஷன்தான் பாடப் புத்தகம்.

"அஞ்சுல வளையாததும்மா..." என்று அவர் ஆரம்பித்தார்.

"வளையாதது முட்டிதான். நாக்கு நல்லாவே வளையுது. நீங்க பேசாம நில்லுங்க" என்று சொல்லி, துண்டுத் தாள்களில் எழுதி அவர் உடம்பெங்கும் ஒட்டினாள். நெற்றியில் ஒன்று, தோளில் ஒன்று, வயிற்றில் ஒன்று. முழங்கைக்கு பிரெஞ்சில் 'கூத்'.

"கூத்துதான்" என்றார் அவர்.

"முதுகுக்கு 'தோ'."

"எது?"

"தோ."

"எதும்மா? எங்க?"

"ஐயோ, முதுகுக்குப் பேரே 'தோ'ங்க!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. மறந்துபோய் அப்படியே போய்க் கதவைத் திறந்துவிட்டார் மனுஷன். வாசலில் அவருடைய தங்கை. அண்ணனை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள்.

"என்ன அண்ணே, அண்ணி உங்களை வெலை ஒட்டி விக்கப் போறாங்களா?"

"ஒட்டிப் பாத்தாச்சு. ஒருத்தரும் வாங்க வரல" என்றாள் நர்ஸம்மா உள்ளேயிருந்து.

ஓர் உறுப்புக்கு மட்டும் தாள் ஒட்ட முடியவில்லை. நாக்கை நீட்டச் சொன்னதற்கு அவர் கும்பிடு போட்டுவிட்டார். அதனால் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டு மனப்பாடம் செய்தாள். நாக்கு, 'லாங்க்'.

இப்படியே எட்டு மாதம். நோட்டு இரண்டு தீர்ந்தது. எரிகிறது, அரிக்கிறது, குத்துகிறது, இழுக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று காதால் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். அகராதியைவிட அந்தப் படிக்கட்டுத் திருப்பம் நல்ல வாத்தியாராக இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் மேல்தளத்துக்குப் புதிதாக ஓர் ஆங்கில ஆசிரியர் வந்தார். நல்ல மனுஷன், சுறுசுறுப்பு. கல்லூரியில் இரண்டு வருஷம் பிரெஞ்சும் படித்தவர். அவர் வகுப்பில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி. வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வீட்டில் பிரெஞ்சைத் தவிர வேறு மொழி இல்லை. ஆங்கில வகுப்பு என்றாலே முகம் வாடிவிடும். வயிற்றுவலி, தலைவலி என்று தினம் ஒரு காரணம். அவள் அதிகம் பேசமாட்டாள் என்பதால் பிள்ளைகள் 'ஊமைக்குயில்' என்று பெயர் வைத்திருந்தன.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல். கீழ்த்தளத்து ஆசிரியர்கள் எல்லாரும் எதிர்க்கட்டடத்தில் பெற்றோர் கூட்டத்தில் இருந்தார்கள். நர்ஸம்மா அலமாரியில் மருந்துகளின் தேதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து ஆங்கில ஆசிரியர் அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"சிஸ்டர், இன்னிக்கு என்ன புதுக் கதைன்னா, மொழி ரொம்பப் பெருசா இருக்காம்! 'லாங்க்' பெருசு, 'லாங்க்' பெருசுன்னே சொல்றா. இங்கிலீஷ் கஷ்டம்னு சொல்றான்னு நெனைக்கிறேன். கொஞ்ச நேரம் உங்ககிட்ட இருக்கட்டும், சரியாயிடும்."

அவர் மேல் குற்றமில்லை. அந்த பிரெஞ்சுச் சொல்லுக்கு மொழி என்றும் அர்த்தம் உண்டு. அவர் படித்த பாடப் புத்தகத்தின் அட்டையிலேயே அது இருந்தது. ஆனால் நர்ஸம்மா படித்தது உடம்பை அல்லவா?

அலமாரிக் கதவை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள். குழந்தையின் உதட்டைப் பார்த்தாள். உதட்டோரம் தடித்திருந்தது. கழுத்தில் சிவப்புத் திட்டு.

"மா லாங்க் எ க்ரோஸ்" என்றாள் குழந்தை. குழறல் குரல். என் நாக்கு பெருசா இருக்கு. பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "சா கிராத்." அரிக்குது.

"சார், மொழி இல்ல, நாக்கு! நாக்கு வீங்குது! ஆம்புலன்ஸுக்கு அடிங்க. அலர்ஜி, மூச்சு அடைக்குதுன்னு சொல்லுங்க. ஓடுங்க!"

ஆசிரியர் போனைக் கையில் எடுத்தபடியே பாய்ந்தார். நர்ஸம்மா குழந்தையைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, கண்ணோடு கண் பார்த்தாள். இலக்கணம் எங்கே போயிற்றோ தெரியாது. வார்த்தைகள் தாமாக வந்தன. "கெஸ்க து ஆ மாஞ்ஜே?" என்ன சாப்பிட்டே?

கேக் என்றது குழந்தை. சிநேகிதியின் பிறந்தநாள் கேக். சட்டைக் கையில் ஒட்டியிருந்த துணுக்கை விரலால் காட்டியது. வால்நட் துணுக்கு.

அலர்ஜிக்கான அவசர ஊசிப் பேனா, அலமாரியின் இரண்டாம் தட்டு. மூடி கழன்றது. "நான் குத்தப் போறேன், ஒரு நிமிஷம் வலிக்கும், உன் கையை நான் பிடிச்சுக்கறேன்" என்று முழுசாகப் பிரெஞ்சில் சொன்னாள். குழந்தை தலையாட்டியது. புரிந்ததால் திமிறவில்லை. வெளித்தொடையில் ஊசி இறங்கியது. நர்ஸம்மா வாய்க்குள் எண்ணினாள்; ஒன்று முதல் பத்துவரை, அதுவும் பிரெஞ்சிலேயே வந்தது.

"ரெஸ்பீர். தூஸ்மாங்." மூச்சு விடு. மெதுவா.

இரண்டாவது ஊசியைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே மூச்சின் சத்தத்தைக் கேட்டாள். முதல் நிமிஷம் விசில் அடித்தது. இரண்டாவது நிமிஷமும் அடித்தது. நான்காவது நிமிஷத்தில் விசில் தணிந்தது. குழந்தை நீளமாக ஒரு மூச்சு இழுத்து, முதல் தடவையாக ஓவென்று அழுதது. அழுகிறதென்றால் காற்று போய்வருகிறது!

சைரன் வந்தது. அதே டாக்டர். ஒரு தடவை தன் ஷூவைப் பார்த்தார், ஒரு தடவை அவளைப் பார்த்தார். குழந்தையைச் சோதித்ததும் முகம் மாறியது. "எப்ப போட்டீங்க?"

"ரெண்டு நாப்பத்திரண்டு."

"இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா..." என்று தொடங்கியவர், குழந்தை பார்க்கிறதைக் கவனித்து, "சரி, கிளம்பலாம்" என்று முடித்துக்கொண்டார். நர்ஸம்மாவும் ஆம்புலன்ஸில் ஏறினாள். ஏறாமல் எப்படி? குழந்தை அவள் சுண்டுவிரலை விடவே இல்லை. வழியெல்லாம் ஊமைக்குயில் பேசிக்கொண்டே வந்தது. தன் பூனை பற்றி, புது வீட்டின் பால்கனி பற்றி, ஆங்கிலத்தில் தனக்கு ஏழு வரை எண்ணத் தெரியும் என்பது பற்றி. நர்ஸம்மாவுக்கு முக்கால்வாசி புரிந்தது. மீதிக்கு "அப்படியா!" போட்டாள்.

அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் பதறி ஓடி வந்தார்கள். வால்நட் ஆகாது என்று அவர்களுக்கே தெரியாது. வீட்டில் அதை வாங்கியதே இல்லையாம். நடந்தது முழுவதையும் நர்ஸம்மா அவர்களுக்கு பிரெஞ்சில் விளக்கினாள். நடுவில் இரண்டு இடத்தில் வார்த்தை கிடைக்காமல் கையால் அபிநயம் பிடித்தாள். குழந்தையின் அம்மா நர்ஸம்மாவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை குழந்தை வீட்டுக்குப் போயிற்று. திங்கட்கிழமை காலை ஆங்கில ஆசிரியர் படிக்கட்டுத் திருப்பத்தில் காத்திருந்தார். நாலு நாளாகத் தூங்காத முகம்.

"எனக்கு பிரெஞ்சு தெரியும்னு நெனச்சுட்டு இருந்தேன் சிஸ்டர்."

"எனக்கும் தெரியும்னு நெனச்சு ஒரு தடவை ஊரையே கூட்டினேன் சார். வாங்க, டீ குடிப்போம்."

தலைமை ஆசிரியை நடந்தபடியே ஒரு முடிவு எடுத்தார்: இனி எல்லா ஆசிரியர்களுக்கும் உடம்பு பற்றியும் முதலுதவி பற்றியும் வகுப்பு, அரை மணி பிரெஞ்சு, அரை மணி ஆங்கிலம், எடுக்கிறவர் சிஸ்டர். "நானா?" என்று கேட்பதற்குள் அவர் அடுத்த தளத்துக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் நர்ஸம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் அட்டையில் எழுதினாள், நாற்பத்தோரு அட்டை. புருஷன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். ஒன்றும் புரியாவிட்டாலும், "இதுல எங்கயும் மாட்டிக்கல, நேரா மேல போகுது" என்று சான்றிதழ் கொடுத்தார்.

அந்தப் புதன்கிழமை பள்ளி விட்டபிறகு, கீழ்த்தளத்துப் பெரிய அறையில் இருபத்தாறு பேர். முன்வரிசையில் ஆங்கில ஆசிரியர், நோட்டும் பேனாவுமாக. கடைசியில் மதாம். நர்ஸம்மா தொண்டையைச் செருமினாள். முதல் அட்டை நன்றாகப் போயிற்று. இரண்டாவதும். மூன்றாவதில், பிள்ளை மூச்சுத் திணறினால் படுக்கவைப்பதா உட்காரவைப்பதா என்று கணக்கு டீச்சர் கேட்டாள். நல்ல கேள்வி. பதில் சொன்னாள். இன்னொருவர், சிவப்புத் திட்டை எப்படி அடையாளம் காண்பது என்றார். சாக்பீஸை எடுத்துப் பலகையில் வரைந்தாள். பெஞ்சின் மேல் ஒரு பெரிய பொம்மையைக் கிடத்தி, தொடையில் எங்கே குத்த வேண்டும் என்று காட்டினாள். ஆளாளுக்கு எழுந்து வந்து செய்து பார்த்தார்கள். தலைமை ஆசிரியை ஊசிப் பேனாவைத் தலைகீழாகப் பிடித்தார். நர்ஸம்மா அவர் கையைத் தட்டித் திருத்தினாள். யாரோ தமாஷ் செய்தார்கள். அதற்கு அவள் பதில் தமாஷ் சொன்னாள். அறையே அதிர்ந்தது.

ஆங்கில ஆசிரியர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"சிஸ்டர், தொந்தரவுக்கு மன்னிக்கணும். இங்கிலீஷ் நேரம் ஆரம்பிச்சுப் பதினோரு நிமிஷம் ஆச்சு."

நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். முப்பத்தெட்டு அட்டை புரட்டப்படாமல் அப்படியே கிடந்தது. இவ்வளவு நேரமும் எதைப் பார்த்துப் பிரெஞ்சு பேசினோம்? காதுமடல் சூடானது, சிரிப்பு வந்து வாயை மூடவிடவில்லை.

"விடுங்க சார், இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினாள் மதாம்.

நர்ஸம்மா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "உய், அடுத்து யாரு?" என்று பிரெஞ்சிலேயே கேட்டாள்.